கலந்து வளர்த்த செரி ஷ்ரிம்ப் ஏன் பழுப்பாகிறது? நிறவகைகளை இனங்காண்பதும் கொழும்பில் வளர்ப்பதும்

கேள்வி இது. வெள்ளவத்தை மாடிவீடொன்றில் இரண்டடித் தொட்டி. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பத்துப் பத்தாகச் செரி ஷ்ரிம்ப் (அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் சிறிய நன்னீர் இறால்) வாங்கி ஒன்றாக விட்டிருக்கிறார் ஒருவர். ஆறு மாதத்தில் நூற்றுக்கு மேல் பெருகிவிட்டன. ஆனால் குஞ்சுகளில் பாதிக்கு மேல் பழுப்பு, அல்லது நிறமே இல்லாத உடல். வாங்கிய நீலங்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தண்ணீரில் குறையா, தீனியில் குறையா, இவை உண்மையில் எந்த வகை, நிறத்தை மீட்கலாமா, இதற்குள்ளேயே கிரிஸ்டல் ரெட் என்ற வேறோர் இறாலை விடலாமா என்று கேட்கிறார்.

நிறம் போனதற்குத் தண்ணீரும் தீனியும் பொறுப்பல்ல; மூன்று நிறங்களை ஒரே தொட்டியில் விட்டதுதான் காரணம். நீலங்கள் சாவதற்கு, பெரும்பாலும், தண்ணீர்தான் காரணம். இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். ஒன்றோடொன்றைக் குழப்பி, நிறம் வரட்டும் என்று விலையுயர்ந்த தீனியை அள்ளிப் போட்டால் தண்ணீர் இன்னும் கெடும்.

கடையில் செரி, ப்ளூ ட்ரீம், யெலோ, ஒரேஞ், கிரீன் ஜேட், பிளாக் ரோஸ், சொக்லட் என்று வெவ்வேறு பெயரில் விற்பதெல்லாம் ஒரே இனம்: நியோகரிடினா டேவிடி. பழைய குறிப்புகளில் நியோகரிடினா ஹெட்டெரோபோடா என்று வருவதும் இதுவே. கிழக்காசிய ஓடைகளில் வாழும் இந்த இறாலின் இயற்கை நிறம் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல். எதிரியின் கண்ணில் படாமலிருக்க அது போதும். வளர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு நிறத்தையும் தனியே பிரித்துப் பெருக்கியதால்தான் இன்றைய நிறங்கள் கிடைத்தன. ஒவ்வொரு வழியிலும், அதாவது இப்படித் தனியே பெருக்கிய ஒவ்வொரு பரம்பரையிலும், விடுபட்டுப்போன மரபுக்கூறு வெவ்வேறு. சிவப்பு வழியில் இல்லாததை நீல வழி கொண்டுவருகிறது, நீலத்தில் இல்லாததைச் சிவப்பு கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்த குஞ்சில் எல்லாம் மீண்டும் முழுமையாகி, காட்டு நிறம் திரும்பிவிடுகிறது. ஆகவே அந்தப் பழுப்புக் குஞ்சுகள் நோயாளிகள் அல்ல. பார்க்கப்போனால் தொட்டியிலேயே மிகத் திடமானவை அவைதாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறப்பெயர் என்பது கண்ணுக்குத் தெரியும் நிறத்தின் பெயர் மட்டுமல்ல, அது வந்த வழியின் பெயரும்கூட. நீலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூ வெல்வெட் சிவப்பு ரிலியிலிருந்து பிரிக்கப்பட்டது. (ரிலி என்பது தலையும் வாலும் நிறமாக, நடுவுடல் மட்டும் நிறமற்று இருப்பது.) ப்ளூ டயமண்ட் சொக்லட் வழியில் வந்தது. தொட்டியில் இரண்டும் நீலமாகத்தான் நிற்கும். சேர்த்து வளர்த்தால், நீலத்தோடு நீலம் சேர்ந்தும் பழுப்புக் குஞ்சு வரும். சிவப்பிலும் இதே கதைதான்: பெயின்டட் ஃபயர் ரெட் செரியிலிருந்து படிப்படியாகத் தெரிந்தெடுத்தது, ப்ளடி மேரி சொக்லட் வழியில் வந்தது. எந்த வழி என்பதைப் படத்தைப் பார்த்தோ தொட்டியைப் பார்த்தோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி “இது என்ன நிறம்” அல்ல. “இதன் குஞ்சுகள் எப்படி வருகின்றன, குஞ்சுத் தொட்டியைக் காட்டுவீர்களா” என்பது. சொந்தமாக வளர்த்து விற்பவர் காட்டுவார்.

கண்ணால் பிரித்தறியக்கூடியவை எவை என்று பார்ப்போம். முதலில் இனம். உங்கள் தொட்டியில் நீண்ட, மெல்லிய இடுக்கிக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு திரியும் நிறமற்ற இறால் ஏதும் இருந்தால், அது செரியின் குஞ்சல்ல. மெக்ரோபிராக்கியம் வகை, கடைகளில் கோஸ்ட் ஷ்ரிம்ப் என்று மலிவாகத் தருவதில் கலந்து வரும். சிறியவற்றைப் பிடித்துத் தின்னும், உடனே வெளியே எடுங்கள். நியோகரிடினாவின் கைகள் மிகச் சிறியவை. நுனியில் தூரிகை மயிர் போலிருப்பதால், எந்நேரமும் எதையாவது கிள்ளி வாயில் வைத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ஆண் பெண். இது தெரியாமல் தரம் பிரிக்கவே முடியாது. பெண் இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் வரை வளரும். வயிற்றின் கீழ்விளிம்பு வளைந்து இறங்கியிருக்கும், நிறம் அடர்த்தியாக இருக்கும். தலைக்குப் பின்னால் முதுகில் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு திட்டுத் தெரிந்தால் அது முதிர்ந்துவரும் சினைமுட்டை. சாடில் என்பது இதைத்தான். ஆண் இரண்டு சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும், வயிறு நேர்கோடாக இருக்கும், நிறம் வெளிறியிருக்கும். ஆணின் வெளிறலைக் கண்டு தரம் குறைந்தது என்று கழித்துவிடுவது பலர் செய்யும் தவறு. ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் ஒப்பிட வேண்டும், அதுவும் வளர்ந்த பிறகு.

சிவப்பின் தரம் பெண்ணை வைத்துச் சொல்லப்படுவது. நிறமற்ற உடலில் சிவப்புப் புள்ளிகளும் தீற்றல்களும் இருந்தால் செரி. உடலின் பெரும்பகுதி சிவந்து, இடையிடையே வெளியும் வெளிறிய கால்களும் இருந்தால் சகுரா. உடல் முழுக்கச் சிவந்திருந்தால் ஃபயர் ரெட். கால்களும் சிவந்து, சாடிலே தெரியாத அளவுக்கு நிறம் மூடியிருந்தால் பெயின்டட் ஃபயர் ரெட். இதையும் ப்ளடி மேரியையும் பிரிப்பதற்கு டோர்ச் வெளிச்சம் உதவும்: பெயின்டட் எனாமல் பூசிய தகரம் போல ஒளியை மறிக்கும், ப்ளடி மேரி நிறக்கண்ணாடி போல உள்ளே வாங்கிக்கொள்ளும். ப்ளடி மேரியில் நிறம் ஓட்டின் மேல் பூச்சாக இல்லாமல் சதைக்குள் ஆழமாகத் தெரிவதுதான் காரணம். மஞ்சளில் முதுகோடு ஒரு பளிச்சென்ற கோடு ஓடினால் கோல்டன் பேக் என்பார்கள். அது தனி இனமில்லை. வயதான பெண்கள் பலவற்றில், எந்த நிறமானாலும், முதுகில் இப்படி வெளிர்கோடு தோன்றும்.

வாங்கிய அன்று தரம் பார்க்காதீர்கள். பைக்குள் அடைபட்டு வந்த இறால் நிறத்தைச் சுருக்கிக்கொள்ளும், ஒரு வாரம் கழித்துத்தான் உண்மை நிறம் தெரியும். அடித்தளமும் முக்கியம். வெள்ளை மணலில் வெளிறும், கறுப்புக் கல்லில் அடர்த்தியாகும். தோலிலுள்ள நிறக்கலங்கள் சூழலுக்கேற்ப விரிந்து சுருங்குவதன் விளைவு இது. ஆனால் அடித்தளமும் தீனியும் இருக்கிற நிறத்தைத் தூக்கிக் காட்டுமே தவிர, மரபில் இல்லாததைக் கொண்டுவர மாட்டா.

நோயை நிறமென்று நினைத்து ஏமாறுவதும் உண்டு. வயிற்றுக்கடியில் நீந்தும் கால்களிடையே பஞ்சு போலப் பச்சை இழைகள் படர்ந்திருந்தால், அது பச்சை முட்டையல்ல. முட்டை உருண்டை உருண்டையாக எண்ணக்கூடியதாக இருக்கும். இழையாக இருப்பது கிளடோகோனியம் என்ற ஒட்டுண்ணி. அந்த இறாலை உடனே பிரித்துவிடுங்கள், நம்பத்தக்க மருந்து கிடையாது. மூக்குநுனியில் அசையும் வெள்ளை மயிர்கள் இருந்தால் ஸ்குட்டரியெல்லா. ஒரு கோப்பைத் தொட்டித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அயடின் சேர்க்காத உப்பைக் கரைத்து, 30 முதல் 60 செக்கன் வரை முக்கியெடுத்தால் போகும். உடல் உள்ளிருந்தே பால் வெள்ளையாகிச் சோர்ந்து கிடந்தால் தசை அழிகிறது. அதை வெள்ளை வகையென்று கொண்டாட வேண்டாம். நீலமோ கறுப்போ செத்தபின் இளஞ்சிவப்பாக மாறுவதும் இயல்பே. புரதத்தோடு பிணைந்திருந்த அஸ்டஸான்தின் விடுபடுவதால், கறி இறால் சட்டியில் சிவப்பது போலவே இதுவும் சிவக்கும்.

இனி மீட்பு. கலப்புக் குஞ்சுகளிலிருந்து தூய நிறத்தைத் திரும்ப எடுக்க முயல வேண்டாம் என்பதே என் கருத்து. முடியாததல்ல. ஆனால் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய மூன்று மாதம் போகும். நான்கு தலைமுறை, அதாவது ஒரு வருடம், கண்ணும் கருத்துமாகப் பிரித்தாலும் இடையிடையே பழுப்பு தலைகாட்டும். அதைவிட நல்ல வழி உங்கள் தொட்டியிலேயே இருக்கிறது: நீங்கள் முதலில் வாங்கியவற்றில் இன்னும் உயிரோடிருப்பவை. இவை ஒன்று முதல் ஒன்றரை வருடம் வரை வாழக்கூடியவை. நம் சூட்டில் அதற்கும் குறையும். ஆகவே தாமதிக்கக் கூடாது. உடல் முழுக்கச் சிவந்த பெரியவை பெரும்பாலும் பழையவையாகத்தான் இருக்கும். அவற்றைப் பிடித்துத் தனியே வையுங்கள். பெண், ஓடு கழற்றிய உடனேதான் இணைசேரும்; ஒரு முறை பெற்ற விந்தை அடுத்தடுத்த ஓடு கழற்றல்களுக்குச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. இப்போது வயிற்றில் இருக்கும் முட்டைகள் கலப்பாக இருக்கலாம், ஆனால் அவை பொரித்து, அவள் அடுத்த ஓட்டைக் கழற்றிச் சிவப்பு ஆணோடு சேர்ந்தால், வரும் முட்டைகள் சிவப்பு வழி.

முட்டை சுமக்கும் பெண்ணைத் தொட்டியோரத்தில் மாட்டும் குஞ்சுப்பெட்டியில் விடுங்கள். நம் வெப்பநிலையில் மூன்று வாரம் அளவில் பொரிக்கும். குஞ்சுகளைக் கலப்புத் தொட்டிக்கு அனுப்பிவிட்டுத் தாயைப் புதிய தொட்டிக்கு மாற்றுங்கள். புதிய தொட்டி குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் சைக்கிள் ஆகி (கழிவை உடைக்கும் பக்ரீரியா ஃபில்டரில் நிலைபெற்று), அமோனியாவும் நைட்ரைற்றும் பூச்சியம் காட்ட வேண்டும். இந்த இடைக்காலத்திலேயே பழையவற்றை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடலாம். பத்துக்குக் குறைவாகவே தேறினால், ஒரே இடத்திலிருந்து இன்னும் பத்துச் சிவப்பு வாங்கிச் சேருங்கள். ஆனால் புதியவை வேறு வழியாக இருக்கலாம் என்பதை மறக்காமல், முதல் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை, ஒன்றரை சென்ரிமீற்றர் தாண்டியவற்றைப் பார்த்து, வெளிறிய பெண்களையும் பழுப்பானவற்றையும் கலப்புத் தொட்டிக்கு மாற்றுங்கள். சோர்வு தரும் வேலைதான். ஆனால் இதை நிறுத்திய தொட்டி எதுவும் சில தலைமுறைகளில் வெளிறிவிடும்.

நீலங்கள் செத்ததற்கு வருவோம். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. மழைநீரில் நிறையும் மூலங்கள் என்பதால் தண்ணீர் மென்மையானது. சுண்ணாம்பும் மக்னீசியமும் குறைவு. மீனுக்கு இது பெரிதல்ல. இறாலோ ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் புதிய ஓட்டைக் கட்டத் தண்ணீரிலிருந்து கல்சியம் எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால், தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே உடலைச் சுற்றி வெள்ளை வளையமொன்று தெரியும், பழைய ஓடு முழுதாகக் கழலாமல் அதற்குள்ளேயே இறால் சாகும். செத்தவற்றில் அந்த வளையம் இருந்ததா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்து நண்பர்கள் “ஒன்றும் சேர்க்க வேண்டாம், கிணற்றுத் தண்ணீரே போதும்” என்று சொல்வது அவர்களுக்குச் சரி. அங்கே நிலத்தடியே சுண்ணாம்புக்கல். இங்கே அந்த ஆலோசனை பொருந்தாது.

நியோகரிடினாவுக்கு வேண்டியது: பொதுக் கடினத்தன்மை, அதாவது ஜிஎச், 6 முதல் 8 பாகை, கார்பனேற் கடினத்தன்மை, அதாவது கேஎச், 2 முதல் 4, பிஎச் 6.8 முதல் 7.6, தண்ணீரில் கரைந்துள்ள மொத்தப் பொருள், அதாவது டிடிஎஸ், 150 முதல் 250 பிபிஎம். டிடிஎஸ் மீற்றர் மட்டும் போதாது, அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. வரட்சிக் காலத்தில் கடல்நீர் களனியில் மேலேறும்போது டிடிஎஸ் உயரும், அந்த உயர்வு கல்சியமல்ல, உப்பு. ஜிஎச், கேஎச் அளக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள்.

உங்கள் குழாய்த் தண்ணீர் ஜிஎச் 2 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 6 ஆக்க, 10 லீற்றருக்குக் கல்சியம் சல்பேற் 0.9 கிராம், எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்) 0.45 கிராம். கேஎச்சை 2 பாகை கூட்ட அப்பச்சோடா 0.6 கிராம். இவ்வளவு சிறிய அளவை நிறுக்கக் கடினமென்றால் 50 லீற்றர் டிரம்மில் முறையே 4.6, 2.2, 3 கிராம் போட்டுக் கரைத்து வைக்கலாம். கல்சியம் சல்பேற் மெதுவாகத்தான் கரையும், ஏர் பம்ப் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். உணவுத் தரத்தில் வாங்குங்கள்; கட்டட வேலைக்கு விற்கும் ஜிப்சத்தில் வேறு சேர்மானங்கள் இருக்கும். எப்சம் உப்பு பார்மசியில் கிடைக்கும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமென்றால் ஷ்ரிம்புக்கென்றே வரும் ஜிஎச், கேஎச் கனிம உப்புத்தூள் வாங்கலாம், செலவு கூடும், அவ்வளவுதான். குளோரின் நீக்கியைக் கனிமம் சேர்க்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

இதை ஒரே நாளில் செய்யக் கூடாது. 60க்கு 30க்கு 30 சென்ரிமீற்றர் தொட்டியில் கல்லும் செடியும் போக 45 லீற்றர் அளவு இருக்கும். வாரத்துக்கு 7 லீற்றர் மாற்றினால் ஜிஎச் அரைப் பாகைக்குச் சற்று மேல் உயரும், அந்த வேகம் போதும். திடீரென்று பாதித் தண்ணீரை மாற்றினால் ஆயத்தமாகாத இறால்கள் அவசரமாக ஓடு கழற்றிச் சாகும். ஆவியாகிக் குறைவதை நிரப்பக் கனிமம் சேர்க்காத, குளோரின் நீக்கிய தண்ணீரையே ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கனிமம் தொட்டியிலேயே தங்கும். நிரப்பும் தண்ணீரிலும் கனிமத்தைச் சேர்த்தால், சில மாதங்களில் டிடிஎஸ் 400ஐத் தாண்டி நிற்கும். கழற்றிய வெற்று ஓட்டை எடுக்க வேண்டாம், அவையே தின்னும்.

வெப்பம் அடுத்தது. இந்த இறாலுக்கு 20 முதல் 26 பாகை நல்லது, கொழும்பில் காற்றோட்டமில்லாத அறையின் தொட்டி 29, 30 காட்டும். அந்தச் சூட்டிலும் வாழும். ஆனால் வேகமாக வளர்ந்து வேகமாக மூப்படையும், முட்டைகள் குறையும். குஞ்சுப் பருவத்தில் சூடு கூடினால் ஆண்கள் அதிகமாகின்றன என்பதும் சோதனைகளில் தெரிந்தது. பெண்கள் குறைந்து தொட்டி நின்றுபோவது போலத் தோன்றினால் இதையும் நினைவில் கொள்ளுங்கள். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் தங்கும் ஒட்சிசனும் குறையும்: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும், 30 பாகையில் ஏழரை. ஸ்பொஞ்ச் ஃபில்டரை இரவு பகலாக ஓடவிடுங்கள், மின்வெட்டுக்கென பற்றரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்திருங்கள். கடலைப் பார்த்த மேற்கு ஜன்னலிலிருந்து தொட்டியைத் தள்ளி வையுங்கள். மூடியைத் திறந்து வலை போட்டு, 12 வோல்ட் கணினி விசிறியை நீர்ப்பரப்புக்குச் சரிவாக வீசவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஈரப்பதம் மிகுந்த மழைநாளில் பலன் குறையும். உறையவைத்த போத்தலை மிதக்கவிடுவதை மட்டும் செய்யாதீர்கள், சூட்டைவிட ஏற்ற இறக்கம் கொடியது.

கொழும்பில் ஒரு தொட்டியை ஒரே நாளில் அழிக்கக்கூடியது நுளம்புக்கு எதிரான விஷம். நுளம்புச் சுருள், மின்சாரத்தில் செருகும் திரவம், தெளிப்பான், டெங்குக்காக மாநகர சபை அடிக்கும் புகை ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ரொயிட் வகை. பூச்சிக்கும் இறாலுக்கும் நரம்பு அமைப்பு நெருங்கியது, ஆகையால் மீன் தாங்கும் அளவே இறாலைக் கொல்லும். ஏர் பம்ப் அறைக்காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் ஊதுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. புகை அடிக்கும் சத்தம் கேட்டதும் ஜன்னல்களைச் சாத்தி, பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அறையைக் காற்றாட விட்ட பிறகே பம்பைப் போடுங்கள். இறால்கள் வெறிபிடித்தாற்போல் பாய்ந்து, பின் மல்லாந்து கால் உதறினால், உடனே அதே வெப்பம், அதே ஜிஎச் உள்ள தண்ணீரில் பாதியை மாற்றி, ஃபில்டரில் செயற்படு கரி வையுங்கள். பெரிய மாற்றம் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு. பல்கனியில் தொட்டி வைப்பவர்கள் நுண்வலை போட்டு மூட வேண்டும். இறால் நுளம்புக் குடம்பிகளைத் தின்று தீர்க்காது, நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். செம்பு கலந்த மீன் மருந்துகளும் இதே வரிசையில்தான்; போத்தலில் செம்பு சல்பேற் என்று கண்டால் தொட்டிக்கு அருகே கொண்டுவராதீர்கள்.

தீனி பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும் அளவு. மற்ற நாட்களில் இலையிலும் கல்லிலும் படரும் நுண்படலமே அவற்றுக்குச் சாப்பாடு, குஞ்சுகளுக்கு அதுதான் உயிர். உதிர்ந்து காய்ந்த கொட்டம்பா இலை ஒன்றைக் கழுவிப் போட்டால், அது மக்க மக்க அந்தப் படலம் பெருகும். முருங்கையிலையை வெந்நீரில் வாட்டிக் கொடுக்கலாம், வீட்டு மரத்தினதாக இருந்தால். சந்தையில் வாங்கும் கீரையில் மருந்து தெளித்திருக்கக் கூடும் என்பதால் வேண்டாம்.

கிரிஸ்டல் ரெட்டை இந்தத் தொட்டியில் விட வேண்டாம். அது கரிடினா என்ற வேறு பேரினம், செரியோடு கலந்து குஞ்சு ஈனாது. அந்தப் பயம் தேவையில்லை. தடை தண்ணீர்தான். அதற்கு ஜிஎச் 4 முதல் 6, கேஎச் பூச்சியம் முதல் 1, பிஎச் 6 முதல் 6.5, வெப்பம் 20 முதல் 23 பாகை வேண்டும். கேஎச்சுக்கும் பிஎச்சுக்கும் நம் மென்தண்ணீரில் எளிதாக வழிசெய்யலாம், வெப்பத்துக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் கொழும்பில் வழியில்லை. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ இருப்பவர்கள் தயங்காமல் தொடங்கலாம். இரண்டாவது வகை வேண்டும் என்ற ஆசைக்கு அமானோ இறால் பொருந்தும். அதன் குடம்பிகளுக்கு உப்புத்தண்ணீர் வேண்டியிருப்பதால் உங்கள் தொட்டியில் பெருகாது, செரியோடும் கலக்காது.

கலப்புத் தொட்டியில் சேரும் பழுப்புகளைக் கொல்ல வேண்டியதில்லை. செடித்தொட்டி வைத்திருப்பவர்கள் பாசி தின்ன வாங்கிக்கொள்வார்கள். வெள்ளவத்தைக் கால்வாயிலோ தியவன்னாவிலோ பேரை வாவியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். இதே இனம் தொட்டிகளிலிருந்து தப்பி ஹவாய்த் தீவுகளிலும், ஜேர்மனியில் வெந்நீர் கலக்கும் ஓடைகளிலும் நிலைகொண்டுவிட்டது. இலங்கை நீர்நிலைகளுக்கென்று சொந்தமான கரிடினா இறால்கள் இருக்கின்றன, உலகில் வேறெங்கும் இல்லாத லங்காரிஸ் என்ற பேரினமும் இங்கேதான் இருக்கிறது. இரண்டும் இதே உணவையும் இதே இடத்தையும் நம்பி வாழ்பவை.